கொல்லை மாமரத்தில் ஒரு சமையல்கட்டு

பங்குனி பிறந்து பத்து நாள் ஆகியிருக்கும். துவைகல்லைக் கழுவிவிடப் போன அம்மா அங்கிருந்தே கூப்பிட்டாள். கல்லின் மேல் ஒரு கைப்பிடி இறகு. பழுப்பும் கறுப்பும் வெள்ளையும் கலந்த மைனா இறகு. ரத்தம் இல்லை, எலும்பு இல்லை, எதையும் இழுத்துப்போன தடமும் இல்லை.

"பூனை தின்னா இப்படியாடி இருக்கும்? யாரோ உக்காந்து கீரை ஆய்ஞ்ச மாதிரில்ல கிடக்கு!"

நிமிர்ந்து பார்த்தோம். துவைகல்லுக்கு நேர் மேலே மாமரத்தின் பட்டுப்போன கிளை ஒன்று நீண்டிருந்தது. அதன் கணுவில் இன்னும் இரண்டு இறகு சிக்கி ஆடிக்கொண்டிருந்தது. அதற்கும் மேலே, கவடு பிரியும் இடத்தில், காக்கைக் கூடு என்று நாங்கள் கண்டுகொள்ளாமல் விட்டிருந்த சுள்ளிக் குவியல். அதன் விளிம்புக்கு வெளியே, பட்டை பட்டையாகக் கோடு போட்ட நீண்ட வால் ஒன்று தெரிந்தது.

வைரி. எங்கள் தெருவில் இதை வல்லூறு என்பார்கள், சிலர் ராஜாளி என்பார்கள், மற்றவர்களுக்கு எல்லாமே பருந்துதான். உருவத்தில் மாடப்புறாவை ஒத்தது. மூக்கிலிருந்து வால் நுனிவரை 26 முதல் 30 சென்டிமீட்டர். முதுகு சாம்பல், மார்பில் செம்பழுப்பில் நெருக்கமான மெல்லிய கோடுகள். வடக்கே ஷிக்ரா என்பது இதைத்தான். வேட்டையைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. முன்பு வேட்டைக்குப் பழக்கியவர்கள் ஆணை மட்டும் அதன் குரலை வைத்துச் 'சிப்கா' என்று தனியாக அழைத்திருக்கிறார்கள்.

எங்கள் வீடு கும்பகோணத்துக்குப் பக்கத்தில், பழைய காலத்து நீள வீடு. கூடம், சமையல்கட்டு, அதைத் தாண்டினால் கொல்லை. சமையல்கட்டு ஜன்னலிலிருந்து மாமரம் முப்பதடிதான். அங்கே நின்றபடி ஏறக்குறைய மூன்று மாதம் அந்தக் குடும்பத்தைப் பார்த்தோம். வேட்டைப் பறவை என்றதும் பாய்ச்சலும் நகமும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. பார்த்தால், ஒரு நாளில் பாய்ச்சலுக்குப் போகும் நேரம் சில நொடி. மிச்ச நேரம் முழுக்கச் சமையல்கட்டு வேலை. வாங்கிவருவது, ஆய்வது, நறுக்குவது, ஊட்டுவது, கழிவை வெளியே தள்ளுவது. அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை எங்கள் ஜன்னல் வழியாகவே சொல்கிறேன்.

கடைக்குப் போகிறவர் ஒருவர்

முதலில் யாருக்கு என்ன வேலை என்று பார்க்க வேண்டும். சேவல் கடைக்குப் போகும், பேடு சமையல்கட்டைப் பார்க்கும். முட்டை இடுவதற்கு முன்பே இந்த ஏற்பாடு தொடங்கிவிடுகிறது. குஞ்சு ஓரளவு வளரும்வரை பேடு கூட்டைவிட்டுத் தூரமாகப் போவதே இல்லை. தன் வயிற்றுக்கும் சேவல் கொண்டுவருவதைத்தான் நம்பியிருக்கும்.

இரண்டையும் பிரித்தறிவது எளிது. பேடு பெரியது. சேவல் சிறியது, கண் ரத்தச் சிவப்பு. பேட்டின் கண் ஆரஞ்சும் மஞ்சளுமாக இருக்கும். வேட்டைப் பறவைகள் பெரும்பாலானவற்றில் பெண்தான் பெரியது. சேவல் சிறியதாக இருந்தால் கிளைகளுக்குள் வளைந்து நெளிந்து புகுந்து, எங்கும் எளிதில் கிடைக்கிற ஓணானையும் சிட்டையும் பிடிக்கலாம். பேடு பெரியதாக இருந்தால் முட்டைகளை நன்றாக மூடி உட்காரலாம், கூட்டைக் காக்கலாம், பின்னால் குஞ்சுகளின் பசி ஏறும்போது அணில், மைனா என்று கொஞ்சம் பெரிய சரக்காகப் பார்த்துப் பிடிக்கலாம். இப்படி ஒரு விளக்கம் உண்டு. தினமும் பார்த்த எனக்கு அது பொருத்தமாகவே பட்டது.

சரக்கு கைமாறுவதைத்தான் நான் ஆசையோடு காத்திருந்து பார்ப்பேன். காலை ஏழு மணிபோல, வேலியோரத்து முருங்கையிலிருந்து 'கீ-கீ' என்று மெல்லிய குரல் வரும். சேவல் காலில் ஓணானோடு வந்திருக்கும். கூட்டுக்கு நேராக வராது. பேடு எழுந்து அந்தப் பட்டுப்போன கிளைக்குப் பறந்துவரும், சேவலும் வரும். பேடு ஓணானைத் தன் காலால் வாங்கிக்கொள்ளும். ஒரு நொடிகூட ஆகாது. சேவல் அப்போதே திரும்பிவிடும். ஊர்சுற்றிவிட்டு வந்தவர் பையை வாசல்படியில் வைத்துவிட்டு மறுபடி கிளம்புவது போல இருக்கும். நான் பார்த்தவரையில் அது கூட்டுக்குள் உட்கார்ந்து ஒருநாளும் ஊட்டியதில்லை.

இடுக்கியும் அருவாமணையும்

சேவல் எப்படிப் பிடிக்கிறது? வானத்தில் வட்டமிடும் வழக்கம் இதற்குக் குறைவு. இலைமறைவில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். ஓணான் ஒரு தாவு தாவியதும் அம்பு மாதிரி பாயும். குட்டையான, நுனி வட்டமான இறக்கை கிளை இடுக்கில் மாட்டிக்கொள்ளாது. நீண்ட வால் சுக்கான் போலத் திருப்பிவிடும். நம் கண்ணில் மிகக் கூர்மையாகப் பார்க்கும் குழி ஒன்றுதான் உண்டு. இந்த வகைப் பறவைக்கு ஒரு கண்ணிலேயே இரண்டு, ஒன்று பக்கவாட்டைப் பார்க்க, மற்றொன்று நேரே முன்னால் பார்க்க. அடுப்பில் பால் பொங்குவதையும் தவழும் குழந்தையையும் ஒரே சமயத்தில் கவனிக்கும் கண் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கொல்வது அலகு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கால்தான் கொல்கிறது. பின்விரலிலும் உள்விரலிலும் உள்ள நகங்கள் மற்றவற்றைவிடப் பெரியவை. அவை இரண்டும் எதிரெதிரே அழுந்தும். கொதிக்கும் பாத்திரத்தை இறக்கும் இடுக்கியைப் போன்ற பிடி. ஆனால் நம் இடுக்கியில் கை தளர்ந்தால் பாத்திரம் விழுந்துவிடும். வைரியின் காலில் விரலை மடக்கும் தசைநாணில் சிறு சிறு முண்டுகள் உண்டு. அதைச் சுற்றியிருக்கும் உறையின் உட்பக்கத்தில் மடிப்புகள் உண்டு. விரல் மடங்கும்போது முண்டு மடிப்பில் போய் மாட்டிக்கொள்ளும். அதன்பிறகு பிடியை இறுக்கி வைத்திருக்கத் தசைக்குப் பெரிய வேலை இல்லை. ஓணான் எத்தனை துள்ளினாலும் பூட்டிய இடுக்கி பூட்டியதுதான்.

நறுக்கும் வேலை அலகுக்கு. இதைப் பார்த்த அன்று அம்மா அருவாமணையில் வாழைக்காய் அரிந்துகொண்டிருந்தாள். அருவாமணையில் பலகையைக் காலால் அழுத்திக்கொள்வோம். கத்தி நிலையாக நிற்கும், காய்தான் அசையும். மரத்தில் இதுவே தலைகீழாக நடந்தது. பேடு ஓணானைக் காலால் கிளையோடு அழுத்திக்கொண்டது. கொக்கி வளைவான அலகைக் கொளுவி, கழுத்தையும் முதுகையும் சேர்த்து மேலே இழுத்தது. கத்தி அசைய, காய் நிலையாக இருந்தது. காலால் அழுத்துவது மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். "அதுவும் மணைபோட்டு உக்காந்துதான் அரியுது" என்று அம்மா சொன்னாள்.

பறவையாக இருந்தால் முதலில் இறகு ஆய்தல். பெரிய இறகுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தலையை உதறிக் காற்றில் விடும். அதற்கென்றே ஒரு கிளையை வைத்துக்கொள்கிறது. எங்கள் துவைகல் அந்தக் கிளைக்கு நேர் கீழே இருந்ததால்தான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. கூட்டுக்குள் இறகும் ரத்தமும் சேர்ந்தால் எறும்பும் ஈயும் வரும். கழிவு அடுப்படிக்கு வெளியே விழுவதில் அந்த வசதியும் உண்டு.

மாவு புளிக்கும் சூடு

பேடு முட்டைமேல் உட்கார்ந்த நாள்கள் பார்ப்பவர்களுக்குச் சலிப்பானவை. ஏறக்குறைய ஒரு மாதம் வாலும் தலையும் தவிர ஒன்றும் தெரியாது. உள்ளே நடப்பதுதான் நுட்பமான வேலை.

முட்டைக்குள் உயிர் வளர்வது இட்லி மாவு புளிப்பதைப் போன்றது. சூடு குறைந்தால் அப்படியே கிடக்கும், கூடினால் கெட்டுப்போகும். பறவை முட்டைகளுக்குப் பொதுவாக 37, 38 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். ஆனால் பறவையின் இறகு சூட்டை வெளியே விடாத துணி. சூடான பாத்திரத்தைப் பிடிக்கும் கந்தல் துணியை நடுவில் வைத்துவிட்டுத் தோசை வார்க்க முடியுமா? அதனால் அடைகாக்கும் காலத்தில் பேட்டின் வயிற்றில் இறகு உதிர்ந்து வெறும் தோல் தெரியும். அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் கூடும். அந்தச் சூடான தோல் முட்டையின்மேல் நேராகப் படியும். அதுதான் அதன் தோசைக்கல்.

அவ்வப்போது எழுந்து, அலகால் முட்டையைப் புரட்டிவிட்டு மறுபடி உட்காரும். கிளறாத பால் அடிப்பிடிப்பது போல, புரட்டாத முட்டையில் வளரும் கருவைச் சுற்றிய சவ்வு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். இதை யாரும் அதற்குச் சொல்லித்தரவில்லை.

இங்கே முட்டை ஓட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இரண்டாம் உலகப்போருக்குப் பின் டிடிடி பூச்சிமருந்து உலகெங்கும் பரவியபோது, பிரிட்டனில் வேட்டைப் பறவைகள் தங்கள் முட்டைமேல் உட்கார்ந்து தாங்களே உடைத்துக்கொண்டன. டெரெக் ராட்கிளிஃப் என்ற ஆய்வாளர் பழைய முட்டைச் சேகரிப்புகளில் இருந்த ஓடுகளையும் புதிய ஓடுகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஓடு மெலிந்துவிட்டதை 1967-இல் எழுதினார். டிடிடி உடலில் சிதைந்து உண்டாகும் பொருள், ஓடு உருவாகும் இடத்துக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராமல் தடுத்துவிடுகிறது. மாவு நீர்த்துப்போன தோசை திருப்பும்போதே கிழிவது போல, தாய் உட்கார்ந்ததும் ஓடு நொறுங்கியது. அதில் அதிகம் அடிபட்டவற்றில் நம் வைரியின் நெருங்கிய உறவான சிட்டுப்பருந்தும் ஒன்று. பூச்சிமருந்து தெளித்தது வயலில். கெட்டுப்போனது மரத்தின் உச்சியில் இருந்த கூடு.

முதல் பந்தி, கடைசிப் பந்தி

சித்திரைக் கடைசியில் ஒரு நாள் துவைகல்லைச் சுற்றிச் சுண்ணாம்பு தெளித்தது போல வெள்ளைக் கோடுகள் விழுந்திருந்தன. குஞ்சு பொரிந்த செய்தி எங்களுக்கு இப்படித்தான் வந்தது. இந்தக் குஞ்சுகள் பிறந்த சில நாளிலேயே பின்பக்கமாக நகர்ந்து, கூட்டின் விளிம்புக்கு வெளியே பீச்சிவிடும். கூட்டில் ஒரு சொட்டு படாது. பறவைக்குச் சிறுநீர் தனியாக இல்லை. கழிவு யூரிக் அமிலமாகக் கெட்டிச் சட்னிப் பதத்தில் வெளியேறும், அதுதான் அந்த வெள்ளை. தண்ணீரை மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு இது. வைரிக் குஞ்சுக்கு யாரும் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பதில்லை. இறைச்சியில் இருக்கும் ஈரத்திலேயே அது ஓட்டிவிடுகிறது.

இரண்டு நாள் கழித்துப் பஞ்சு உருண்டைகள் போல மூன்று தலை தெரிந்தது. மூன்றும் மூன்று அளவு. முதலில் கண்ணில் பட்டதும் அதுதான், பிறகு மனசைப் போட்டு அரித்ததும் அதுதான்.

மூன்று அளவுக்குக் காரணம் உண்டு. பேடு எல்லா முட்டையையும் ஒரே நாளில் இடுவதில்லை, இடைவெளி விட்டு இடும். கடைசி முட்டை வரும்வரை காத்திராமல் முன்பே அடைகாக்கத் தொடங்கிவிடும். ஆகவே முதல் முட்டை முதலில் பொரியும். கடைக்குட்டி கண் திறந்து பார்க்கும்போது மூத்தது சில நாள் சாப்பாடு சாப்பிட்டு வளர்ந்திருக்கும்.

பேடு ஊட்டுவதைப் பார்த்தால் வேட்டைப் பறவை என்றே தோன்றாது. காலடியில் இறைச்சியை அழுத்திக்கொண்டு, கடுகளவு கடுகளவாகக் கிள்ளி, தலையைச் சாய்த்து அலகு நுனியில் நீட்டும். குஞ்சு அதை அலகிலிருந்து எடுத்துக்கொள்ளும். எலும்பும் தோலும் வந்தால் தான் விழுங்கிவிடும். மெத்தென்ற துண்டு குஞ்சுக்கு. ஒரு ஓணானை மூன்று குஞ்சுக்குப் பங்கிட்டு முடிக்க ஒரு நாள் பத்து நிமிடம் ஆனது. பருப்புச் சோற்றைப் பிசைந்து, விரல் நுனியில் உருட்டி, முதல் பல் முளைத்த குழந்தையின் வாயில் வைப்பாளே அம்மா, அதே நிதானம்.

ஆனால் பங்கீடு என்று நான் எழுதியது சரியில்லை. முதலில் எட்டிப்பார்த்து அதிகமாகக் கத்துகிற வாய்க்குத்தான் துண்டு போகும். அது மூத்தது. அதன் கழுத்தடியில் தீனிப்பை புடைத்துக்கொண்டு வரும். மாங்கொட்டையை விழுங்கியது போலத் தெரியும். பை நிறைந்ததும் கத்துவதை நிறுத்திவிட்டுச் சுருண்டு படுத்துவிடும். அப்புறம் இரண்டாவது. சரக்கு மிச்சமிருந்தால் கடைக்குட்டி. நல்ல நாளில் கடைசிப் பந்திக்கும் சோறு இருக்கும். மழை பிடித்துக்கொண்டு ஓணான்கள் வெளியே வராத நாளில் இருக்காது.

அந்த ஆண்டு சித்திரைக் கடைசியில் மூன்று நாள் விடாமல் மழை. சேவல் நனைந்து வெறுங்காலோடு வந்து முருங்கையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். நான்காம் நாள் காலை வெயில் அடித்தபோது இரண்டு தலைதான் தெரிந்தது.

அம்மா அன்று ஜன்னல் பக்கம் வரவில்லை.

நான் படித்துத் தெரிந்துகொண்டது இது. எல்லாக் குஞ்சும் ஒரே அளவில் இருந்தால், பஞ்ச காலத்தில் இருப்பது எல்லோருக்கும் அரைவயிறாகப் பிரிந்து ஒன்றும் பிழைக்காமல் போகலாம். அளவு வேறுபட்டால் வந்த சரக்கு முதலில் பெரியதுக்குப் போகிறது, அது பிழைத்துவிடுகிறது. விளைச்சல் நன்றாக இருக்கும் ஆண்டில் கடைக்குட்டியும் தேறிவிடும். விருந்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாமலே உலை வைக்கிற இல்லத்தரசி ஒரு பிடி அரிசி கூடப் போடுவாள் அல்லவா, கடைசி முட்டை அந்த ஒரு பிடி. கணக்கு புரிகிறது. புரிந்த பிறகும் அந்த மூன்றாவது தலையைத் தேடிக்கொண்டுதான் இருந்தேன்.

மழை விட்டதும் அக்னி நட்சத்திர வெயில் மறுபடி ஏறியது. இப்போது பேட்டுக்கு வேலை தலைகீழ். சூடு கொடுத்தவள் நிழல் கொடுக்க வேண்டும். உச்சிவெயிலில் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, இறக்கை இரண்டையும் பாதி விரித்து, அலகைத் திறந்து மூச்சிரைத்துக்கொண்டிருக்கும். அதன் நிழலுக்குள் இரண்டு குஞ்சும் கண்மூடிக் கிடக்கும். வெயில் நகர நகர அதுவும் நகரும். ஒரு நாள் பன்னிரண்டு மணியிலிருந்து இரண்டு மணிவரை அது அந்த நிலையிலேயே நின்றது.

வடிகட்டி

நாம் அடுப்பில் வேகவைத்துச் சாப்பிடுகிறோம். செரிமானத்தில் ஒரு பங்கு பானையிலேயே முடிந்துவிடுகிறது. வைரிக்கு அடுப்பு வயிற்றில்தான் இருக்கிறது. நெருப்புக்குப் பதில் அமிலம். ஆந்தையின் வயிற்று அமிலத்தைவிட இந்த வகைப் பறவைகளின் அமிலம் வலுவானது. ஆந்தை கக்கிய உருண்டையை உடைத்தால் எலியின் எலும்புக்கூடு முழுசாகக் கிடைக்கும். வைரியின் வயிற்றில் சிறு எலும்பெல்லாம் பெரும்பாலும் கரைந்துவிடும்.

கரையாதது மயிர், இறகு, செதில், வண்டின் ஓடு. இவை வயிற்றைத் தாண்டிக் குடலுக்குப் போவதில்லை. தேங்காய்ப்பால் பிழிந்த பிறகு துணியில் சக்கை நிற்பது போல வயிற்றிலேயே நின்றுவிடும். வயிறு அதைப் பிழிந்து பிழிந்து ஒரு உருண்டையாக்கும். மறுநாள் காலை, சாப்பாட்டுக்கு முன், பறவை கழுத்தை நீட்டி இரண்டு மூன்று தடவை தலையை ஆட்டி அதைக் கக்கிவிடும். நேற்றைய வடிகட்டியைத் தட்டிக் கொட்டிவிட்டுத்தானே இன்றைக்கு டிகாக்ஷன் போடுவோம்.

துவைகல்லுக்குக் கீழே அப்படி ஒன்று எடுத்தேன். கட்டைவிரல் நுனியளவு, சாம்பல் நிறம், நன்றாகக் காய்ந்தது, வாடையே இல்லை. தண்ணீரில் ஊறவைத்து ஊசியால் பிரித்தேன். அணில் மயிர் கொஞ்சம், ஓணான் செதில்கள், வெட்டுக்கிளியின் கால் ஒன்று. நேற்று முன்தினம் கொல்லையில் நடந்த சாப்பாட்டுக் கணக்கு என் உள்ளங்கையில் இருந்தது.

உறைமோர்

இந்தக் கணக்கில் ஒரு நாள் எலியும் வரலாமே என்று தோன்றியதும்தான் எனக்கு எங்கள் வீட்டு உக்கிராண அறை நினைவுக்கு வந்தது. நெல் மூட்டை பக்கத்தில் எலிக்காக நீலநிற மருந்துக் கட்டிகள் வைத்திருந்தோம். வருஷக்கணக்காக வைப்பதுதான். யாரும் யோசித்ததில்லை.

கடைகளில் எலிக் கட்டி என்று விற்பவற்றில் பலவற்றில் புரோமடியோலோன் போன்ற மருந்து இருக்கிறது. அது ரத்தம் உறைவதைக் கெடுக்கும். பாலில் ஒரு கரண்டி உறைமோர் விட்டால் தயிராகும், அந்த உறைமோரே இல்லாவிட்டால் எத்தனை நேரம் வைத்தாலும் பால் பாலாகவே இருக்கும். ரத்தம் உறையத் தேவையான பொருள்களை உடம்பு செய்துகொள்ள வைட்டமின் கே வேண்டும். இந்த மருந்து அந்த வைட்டமின் மறுபடி மறுபடி பயன்படுவதைத் தடுத்துவிடுகிறது. கையிருப்பு தீர்ந்ததும் எங்காவது உள்ளே கசிந்தால் கசிந்துகொண்டே இருக்கும்.

இதில் கொடுமை என்னவென்றால் எலி உடனே சாவதில்லை, சில நாள் ஆகும். அந்த நாள்களில் தள்ளாடிக்கொண்டு பட்டப்பகலில் வெளியே வரும். முருங்கையில் உட்கார்ந்திருக்கிற சேவலுக்கு இதைவிட எளிதான சரக்கு கிடைக்குமா? மருந்து எலியின் ஈரலில் தங்கியிருக்கும். ஈரல் மெத்தென்ற துண்டு. பேடு அதைக் கிள்ளி முதலில் யாருக்கு நீட்டும் என்று முன்பே எழுதிவிட்டேன்.

அன்று சாயங்காலமே கட்டிகளைக் கையுறை போட்டுப் பொறுக்கி, தாளில் சுற்றி, டப்பாவில் அடைத்துப் பூட்டிவைத்தேன். பரணிலிருந்து தாத்தா காலத்துக் கம்பிக்கூண்டுப் பொறியை இறக்கினோம். அம்மா அதில் சுட்ட தேங்காய்ச் சில் குத்தி வைத்தாள். இப்போதும் அதுதான். தினமும் காலையில் பார்க்க வேண்டும், எலி மாட்டியிருந்தால் என்ன செய்வது என்ற தொந்தரவு உண்டு. இருக்கட்டும்.

கலைத்துவிடவா?

பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு நாள் வேலியோரம் வந்து நின்றார். கோழிக்குஞ்சு ஒன்றைக் காணோமாம். "பெரியம்மா, ஒரு தொரட்டி இருந்தா குடுங்க, அந்தக் கூட்டைக் கலைச்சு விட்டுடறேன்."

"பிள்ளை பெத்து உக்காந்திருக்கிறவ வீட்டையாடா கலைப்பே?" என்றாள் அம்மா.

அவர் சொன்னது முழுக்கப் பொய்யில்லை. மிகச் சிறிய கோழிக்குஞ்சு திறந்த வெளியில் திரிந்தால் வைரி தூக்கும். கூடையால் மூடி வைத்தால் அந்தப் பிரச்சினை தீர்ந்துவிடும். மற்றபடி அதன் சாப்பாடு ஓணான், பல்லி, வெட்டுக்கிளி, சுண்டெலி, அணில், சிறு பறவை. கூட்டைக் கலைப்பதும் முட்டையை எடுப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதை நான் சொன்னேன். அம்மா சொன்னதுதான் அவரைத் திருப்பி அனுப்பியது.

கூட்டுக்கு உண்மையான தொல்லை காக்கைகளிடமிருந்துதான். பேடு நகர்ந்தால் முட்டைக்கும் குஞ்சுக்கும் அவை வந்துவிடும். கரிச்சான் வேறு கதை. அது வைரியின் குரலை அப்படியே எடுத்துக் கத்தும். மைனாக்கள் பயந்து இரையைப் போட்டுவிட்டு ஓடும், அதைக் கரிச்சான் எடுத்துக்கொள்ளும். அடுத்த வீட்டுக் குக்கர் விசில் சத்தத்தைக் கேட்டு நம் அடுப்பை அணைக்க ஓடுவது போல அம்மாவும் நானும் இரண்டு தடவை ஏமாந்து ஜன்னலுக்கு ஓடினோம்.

தனி அடுப்பு

வைகாசிக் கடைசியில் கூடு போதவில்லை. இரண்டும் பழுப்பு முதுகும் மார்பில் மேலிருந்து கீழாகத் தீற்றல்களுமாக, தாய் தந்தை இரண்டைப்போலவும் இல்லாமல் இருந்தன. குறுக்குக் கோடுகள் வளர்ந்த பிறகுதான் வரும். முதலில் கூட்டின் விளிம்பு, பிறகு பக்கத்துக் கிளை, பிறகு மறுபடி கூடு. ஒரு நாள் சின்னது துணிக்கொடிக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தது. பதறிக்கொண்டு எடுக்கப் போனவளை அம்மா தடுத்தாள். பறக்கப் பழகும் குஞ்சு தரைக்கு வருவது வழக்கம்தான். பூனை, நாயை மட்டும் விலக்கிவிட்டு நாம் தள்ளி நின்றால் போதும். சாயங்காலம் அது வேலி, அங்கிருந்து முருங்கை, அங்கிருந்து மாமரம் என்று தாவித் தாவி ஏறிவிட்டது.

கூட்டைவிட்டு வந்த பிறகும் சாப்பாடு பெற்றோர் வீட்டில்தான். ஆனால் பேடு இப்போது ஊட்டுவதை நிறுத்திவிட்டது. ஓணானை முழுசாகக் கிளையில் வைத்துவிட்டுப் போகும். ஆய்வதும் அரிவதும் அவர்கள் பாடு. மூத்தது முதல் நாள் காலால் அழுத்தாமல் அலகால் மட்டும் இழுத்து, ஓணானைக் கீழே போட்டுவிட்டுக் கத்தியது. மறுநாள் அழுத்தக் கற்றுக்கொண்டது.

ஆனி பிறந்து ஒரு வாரம். காலையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். துணிக்கொடிக் கம்பத்தின் மேல் சின்னது உட்கார்ந்திருந்தது. கிணற்றடிப் புல்லில் ஏதோ அசைந்தது. அது இறங்கியது, தடுமாறியது, புல்லில் புரண்டது, எழுந்து மறுபடி கம்பத்துக்கு வந்தது. காலில் ஒரு வெட்டுக்கிளி. உடனே இரண்டு இறக்கையையும் விரித்துக் குடைபோல அதை மூடிக்கொண்டு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் முறைத்துப் பார்த்தது. அக்கம்பக்கத்தில் யாருமே இல்லை. முருங்கையிலிருந்து 'கீ-கீ' என்று குரல் வந்தது, சேவல் ஏதோ கொண்டுவந்திருந்தது. சின்னது தலையைத் திருப்பிக் கேட்டுவிட்டு, குனிந்து வெட்டுக்கிளியின் இறக்கையைப் பிடுங்கிக் காற்றில் விட்டது. அது துவைகல்லின் மேல் வந்து விழுந்தது.